மேகசின் முதலில், பாடி கடைசியில்: பழைய ஹாஸல்பிளாட் 500சி/எம் வாங்கும் முறை

பழைய ஹாஸல்பிளாட் ஒன்று விற்பனைக்கு வருகிறதென்றால் வாங்க வருபவரின் கண் முதலில் பாடியின் மேல்தான் விழுகிறது. குரோம் ஓரம் மங்கியிருக்கிறதா, கறுப்புத் தோல் உரிந்திருக்கிறதா, எந்த ஆண்டுத் தயாரிப்பு என்று நெடுநேரம் பேசுவார்கள். லென்ஸை ஒருமுறை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். பின்னால் மாட்டியிருக்கும் ஃபிலிம் மேகசினைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பேரமும் இதே வரிசையில் நடக்கிறது: பளபளப்பான பாடிக்குப் பெரும் பங்கு, லென்ஸுக்கு அடுத்த பங்கு, மேகசின் கொசுறு. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம் சொல்ல வருவது. 500சி/எம் அமைப்பில் நெகட்டிவின் தலைவிதியைப் பெரும்பாலும் முடிவு செய்பவை மேகசினும் லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டரும்தான். எனவே சோதிக்கும் நேரமும் செலவழிக்கும் பணமும் முதலில் மேகசினுக்கு, அடுத்து லென்ஸுக்கு, மிச்சம் பாடிக்கு என்று போக வேண்டும்.

இது விருப்பு வெறுப்பால் வந்த முடிவல்ல. கேமராவின் அமைப்பிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. ஸ்வீடனின் கோதென்பர்க் நகரைச் சேர்ந்த விக்டர் ஹாஸல்பிளாட் 1948ஆம் ஆண்டு நியூயார்க்கில் அறிமுகப்படுத்திய முதல் மாடல் 1600எஃப். அதில் ஷட்டர் பாடிக்குள் இருந்தது. மெல்லிய உலோகத் திரை ஒன்று ஃபிலிமுக்கு முன்னால் ஓடி, நொடியில் 1600இல் ஒரு பங்கு வேகம் தருவதாக ஏற்பாடு. அந்த நாளுக்கு அது மிகப் பெரிய வேகம். ஆனால் அந்தத் திரை நம்பி வேலைக்குக் கொண்டுபோகும் அளவுக்கு உறுதியாக இல்லை. அடுத்து வந்த 1000எஃப் உச்ச வேகத்தைக் குறைத்துக்கொண்டும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. 1957இல் வந்த 500சி வேறு வழியில் போனது. பாடியில் இருந்த ஷட்டரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கார்ல் ஸைஸ் லென்ஸுக்குள்ளும் ஒரு இதழ் ஷட்டரை வைத்தார்கள். உச்ச வேகம் 500இல் ஒரு பங்காக இறங்கியது. பதிலுக்கு, எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் பொருந்தும் வசதி கிடைத்தது. 1970இல் ஃபோகஸிங் ஸ்கிரீனைப் பயனரே மாற்றிக்கொள்ளும்படி செய்ததுதான் 500சி/எம். 1994 வரை அது தயாரிப்பில் இருந்தது. இன்று கைமாறும் ஹாஸல்பிளாட்களில் இந்த மாடல் தாராளமாகக் கிடைப்பதற்கு இந்த நீண்ட ஆயுளே காரணம்.

ஷட்டர் லென்ஸுக்குப் போய்விட்டது; ஃபிலிமைத் தட்டையாகப் பிடிப்பதும், ஒரு கட்டம் நகர்த்துவதும், வெளிச்சம் புகாமல் காப்பதும் மேகசினின் வேலை. பாடிக்கு மிச்சம் என்ன? பட்டனை அழுத்தும்போது நடப்பதைப் பார்த்தால் தெரியும். பார்ப்பதற்காகத் திறந்திருந்த லென்ஸ் ஷட்டர் முதலில் மூடுகிறது. அப்பர்ச்சர் நாம் வைத்த அளவுக்குச் சுருங்குகிறது. கண்ணாடி மேலே எழுகிறது. பாடியின் பின்புறம் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு கதவுகள் விலகி ஃபிலிமுக்கு வழிவிடுகின்றன. அதற்குப் பிறகே லென்ஸ் ஷட்டர் திறந்து மூடி எக்ஸ்போஷரை முடிக்கிறது. பாடி செய்வதெல்லாம் இந்த வரிசையை ஒழுங்காக நடத்திவைப்பதுதான். அது சிறிய வேலையென்று சொல்ல வரவில்லை. அதில் கோளாறு வந்தால் பெரும்பாலும் உடனே கண்ணுக்கோ காதுக்கோ தெரிந்துவிடும் என்பதே முக்கியம். மேகசினின் கோளாறும் ஷட்டரின் கோளாறும் அப்படித் தெரிவதில்லை. ரோலைக் கழுவி எடுத்த பிறகுதான் அவை முகம் காட்டும். அப்போது அந்தப் படங்கள் திரும்ப வராது.

அப்போலோ பயணங்களில் நிலவுக்குப் போன ஹாஸல்பிளாட்களைப் பற்றி விற்பவர்கள் பெருமையாகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அவை 500சி/எம் அல்ல. மோட்டார் பொருத்திய 500ஈஎல் வகையை நாசாவுக்காக மாற்றியமைத்தவை. நிலவின் பரப்பில் பயன்படுத்திய கேமராக்களில் பெரும்பாலானவற்றை, பாடியும் லென்ஸும் சேர்த்து, வீரர்கள் அங்கேயே விட்டுவிட்டு மேகசின்களை மட்டும் எடுத்துவந்தார்கள். நிலவுப் பாறைகளைச் சுமக்க எடையைக் குறைக்க வேண்டியிருந்ததே காரணம். அதை வைத்து மேகசின்தான் உயர்ந்தது என்று வாதாட முடியாது. ஆனால் இந்த அமைப்பில் பாடியைக் கழித்துவிட்டாலும் படம் முழுசாக வீடு வந்துசேரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஆகவே மேகசினிலிருந்தே தொடங்குவோம். நீங்கள் தேட வேண்டியது ஏ12. இது 120 ரோலில் 12 சதுரப் படங்கள் தரும். பெயரளவில் 6க்கு 6 செ.மீ. என்றாலும் நெகட்டிவின் உண்மையான அளவு 56க்கு 56 மி.மீ.; 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு கட்டத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் சற்று அதிகமான பரப்பு. ஏ16 என்றிருந்தால் 16 செவ்வகப் படங்கள் வரும். ஏ24, 220 ஃபிலிமுக்காகச் செய்தது. அந்த ஃபிலிம் இன்று கிடைப்பது அரிது. விலை மலிவு என்பதற்காக அதை முதல் மேகசினாக வாங்காதீர்கள். ‘ஏ’ இல்லாமல் வெறும் 12 என்று இருக்கும் பழைய வகையில் முதல் படத்தின் எண்ணைப் பின்பக்கத் துளை வழியாகப் பார்த்து நிறுத்த வேண்டும். நிதானமானவருக்கு அது தடையில்லை. ஆனால் முதல் கேமராவோடு அந்தத் தொல்லையும் சேர வேண்டாம்.

மேகசினைக் கையில் எடுத்ததும் உட்கூட்டை வெளியே இழுங்கள். வெளிக்கூட்டில் பொறித்த எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் உட்கூட்டில் பொறித்த மூன்று இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஜோடியாகத் தொழிற்சாலையை விட்டு வந்தவை. வேறுபட்டால் அந்த மேகசின் வீண் என்று பொருளில்லை. ஆனால் யாரோ இரண்டு பழுதான மேகசின்களிலிருந்து ஒன்றைத் தேற்றியிருக்கலாம் என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொண்டு, கட்ட இடைவெளியைக் கூடுதல் கவனத்தோடு சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு ஃபிலிமைக் கழுவத் தேவையில்லை. காலாவதியான 120 ரோல் ஒன்றைப் போட்டு முதல் படத்துக்கு முறுக்குங்கள். மேகசினைப் பாடியிலிருந்து கழற்றி, டார்க் ஸ்லைடை உருவி, தெரியும் சதுரத்தின் நான்கு ஓரத்தையும் மார்க்கர் பேனாவால் கோடிடுங்கள். அடுத்த படத்துக்கு நகர்த்தி மறுபடி கோடிடுங்கள். 12 முடிந்ததும் ரோலை மேசைமேல் விரித்தால் கட்டங்களின் இடைவெளி முழுவதும் கண்ணெதிரே கிடக்கும். இடைவெளி கொஞ்சம் கூடிக் குறைவது பழைய மேகசினுக்கு இயல்பு. ஒரு கட்டம் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தாலோ, கட்டங்கள் போகப்போக நெருங்கிக்கொண்டே வந்தாலோ பற்சக்கரங்களுக்குச் சர்வீஸ் தேவை.

அடுத்தது வெளிச்சக் கசிவு. மேகசினில் அதிகம் கேள்விப்படும் கோளாறு இதுதான். டார்க் ஸ்லைடு நுழையும் பிளவுக்குள் மெல்லிய தகடும் மெத்துப்பட்டையும் சேர்ந்த ஓர் அடைப்பு இருக்கிறது. ஸ்லைடை உருவியதும் பிளவை அதுதான் மூட வேண்டும். பல ஆண்டுகளில் மெத்து பொடிந்துபோகிறது; ஸ்லைடை வெளியே இழுக்கும்போது கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அடைப்பின் காலம் முடிந்ததென்று தெரிந்துகொள்ளலாம். நெகட்டிவில் இது எப்போதும் ஒரே ஓரத்திலிருந்து உள்ளே பாயும் கறுத்த கீற்றாகத் தெரியும். வெயிலில் எடுத்த படங்களில் மட்டும் வரும், நிழலில் எடுத்தவற்றில் வராது. அதனால்தான் பலர் லென்ஸையோ, கழுவிய லேபையோ குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல செய்தி என்னவென்றால், இந்த அடைப்பு மாற்றுவதற்கு மலிவானது. பொறுமையுள்ளவர் வீட்டிலேயே மாற்றிவிடலாம். ஆகவே கசிவு மேகசினை நிராகரிக்கும் காரணமல்ல. விலை குறைத்துக் கேட்கும் காரணம். நிராகரிக்க வேண்டியது இடைவெளிக் கோளாறு உள்ளதைத்தான். அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

இனி லென்ஸ். 80 மி.மீ. எஃப்/2.8 பிளானர்தான் வழக்கமாகக் கூடவே வரும். இதில் இரண்டு தலைமுறைகளை நீங்கள் அடிக்கடி சந்திப்பீர்கள். 1957லிருந்து வந்த சி வகையில் ஸின்க்ரோ-காம்பூர் ஷட்டர். 1982இல் வந்த சிஎஃப் வகையில் பிரான்டார் ஷட்டர். கண்ணாடியின் தரத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, சாதாரணமாக நாம் போடும் பிரிண்ட் அளவுகளில் சண்டை போடும் அளவுக்கு இல்லை. பின்னாளைய சி லென்ஸ்களிலேயே டி-ஸ்டார் பூச்சும் வந்துவிட்டது. உண்மையான வேறுபாடு பழுதுபார்ப்பில் இருக்கிறது. காம்பூருக்கான உதிரிப் பாகங்கள் அரிதாகிவிட்டன. ஸ்பிரிங் உடைந்தால் இன்னொரு பழைய லென்ஸிலிருந்துதான் எடுக்க வேண்டிவரும். பணம் ஒருபக்கம்தான் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்றால், மங்கலான பாடியை வாங்கி, மிச்சத்தைச் சி-யிலிருந்து சிஎஃப்-க்கு ஏறப் பயன்படுத்துங்கள். இந்த வழிகாட்டியில் தயக்கமில்லாமல் தரக்கூடிய அறிவுரைகளில் இது ஒன்று.

சி லென்ஸைத்தான் வாங்குவதென்றால் அதன் பழக்கங்கள் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் ஷட்டர் வளையமும் அப்பர்ச்சர் வளையமும் ஒன்றோடொன்று பூட்டியபடி சுழலும். ஒன்றை வேகமாக்கினால் மற்றது அதற்கேற்பத் திறந்துகொள்ளும். மீட்டர் காட்டும் ஈவி எண்ணை வைத்துவிட்டால் பிறகு எந்த ஜோடிக்குத் திருப்பினாலும் எக்ஸ்போஷர் மாறாது. அப்பர்ச்சரை மட்டும் மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் சிறு நெம்பை அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். வளையம் இறுகியிருக்கிறதென்று நினைத்து வலுக்கட்டாயமாகத் திருகுபவர்கள் உண்டு, அது பூட்டு. இன்னொன்று எம், எக்ஸ், வி என்று மூன்று நிலையுள்ள நெம்பு. இன்றைய எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு எக்ஸ் மட்டுமே பொருந்தும். எம் பழைய ஃபிளாஷ் பல்புகளுக்கானது. அதில் வைத்தால் ஷட்டர் திறப்பதற்குள் ஃபிளாஷ் அடித்து ஓய்ந்துவிடும். வி என்பது தானாக எடுக்கும் டைமர். பழைய லென்ஸில் அந்த டைமர் பாதியில் சிக்கிக்கொண்டால் ஷட்டரும் சேர்ந்து நின்றுவிடும், ஆகவே அதைத் தொடவே வேண்டாம்.

ஷட்டரைக் காதால் சோதிக்கலாம். ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்தினால் உள்ளே பற்சக்கரம் சீராக ஓடும் ஓசை கேட்க வேண்டும். இடையில் தேய்ந்து, நின்று, மறுபடி ஓடினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது. கைபேசியில் ஒலியைப் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பார்த்தால், ஒரு நொடியிலிருந்து 15இல் ஒரு பங்கு வரையுள்ள வேகங்களை ஓரளவு அளக்கவே முடியும். பழைய ஷட்டர் சொன்னதைவிடச் சற்று மெதுவாக ஓடுவது சகஜம். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும் என்பதால் அரை ஸ்டாப் வரை அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஸ்லைடு ஃபிலிம் போடும் எண்ணமிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. லென்ஸைக் கழற்றிப் பின்புறம் வழியாக அப்பர்ச்சர் இதழ்களையும் பாருங்கள். எண்ணெய் மினுமினுத்தால் அவை நேரத்துக்குச் சுருங்காது. படமெல்லாம் வெளிச்சம் கூடி வரும். கைபேசி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் பூஞ்சை நூல்போல ஓடுவது தெரியும். ஓரத்தில் வானவில் நிறத்தில் பிறைபோல ஒன்று தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். தூசி நாலைந்து புள்ளி இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஃபோகஸ் பார்ப்பது பாடியின் கண்ணாடியிலும் ஸ்கிரீனிலும்தானே. அவை ஒரு மயிரிழை தப்பினால் நல்ல மேகசினும் நல்ல லென்ஸும் இருந்து என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எஃப்/2.8இல் ஃபிலிம் முன்பின்னாக விலகக்கூடிய மொத்த இடம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். பழைய பாடியில் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மெத்துப்பட்டை காலப்போக்கில் சிதைந்து, கண்ணாடி மிகச் சிறிதளவு இறங்கிவிடுவது நடக்கக்கூடியதே. அப்போது ஸ்கிரீனில் கூர்மையாகத் தெரிவது ஃபிலிமில் கூர்மையாக விழாது. ஆனால் இந்தக் குறைக்கும் முன்சொன்ன குறைகளுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இதை ஃபிலிம் இல்லாமல், கடையில் நின்றபடியே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். லென்ஸை முடிவிலிக் குறிவரை திருப்பிவிட்டு, தொலைவில் உள்ள செல்போன் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ உருப்பெருக்கிக் கண்ணாடியை விரித்து ஸ்கிரீனில் பாருங்கள். கூர்மையாக இருந்தால் கண்ணாடி பெரும்பாலும் இடத்தில் இருக்கிறது. கூர்மைக்காகச் சற்றுப் பின்வாங்கித் திருப்ப வேண்டியிருந்தால் அல்லது முடிவிலியில் கூர்மையே வரவில்லையென்றால் ஏதோ நகர்ந்திருக்கிறது. பட்டையை மாற்றிக் கண்ணாடியைச் சரிசெய்வது இந்தக் கேமராவைத் தெரிந்த மெக்கானிக்குக்குப் பழகிய வேலை. ஆக, பாடியைச் சோதிக்காமல் வாங்கலாம் என்பதல்ல வாதம். பாடியைப் பத்து நிமிடத்தில் சோதித்து முடித்துவிடலாம், மற்ற இரண்டுக்கும் அது போதாது என்பதே.

அந்தப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டிய மற்றவை இவை. மேகசினைக் கழற்றிவிட்டுப் பட்டனை அழுத்திப் பின்கதவுகளைக் கவனியுங்கள். இரண்டும் முழுதாக விலகி, பட்டனை விட்டதும் சட்டென மூட வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் படத்தின் மேலோ கீழோ ஒரு பட்டை இருண்டுவிடும். கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது எங்கும் முரடாகத் தட்டக்கூடாது. குறையல்லாத சிலவற்றைக் குறையென்று நினைத்துவிடவும் வேண்டாம். படம் எடுத்ததும் வியூஃபைண்டர் இருண்டு, மறுபடி முறுக்கும்வரை இருண்டே இருப்பது இந்த மாடலின் இயல்பு. 150 மி.மீ. அல்லது அதைவிட நீண்ட லென்ஸ் போட்டால் ஸ்கிரீனின் மேலோரம் மங்குவதும் அப்படியே. கண்ணாடி குட்டையானதால் வருவது அது, ஃபிலிமைப் பாதிக்காது. ஆண்டு அறிய விரும்பினால் வரிசை எண்ணுக்கு முன்னால் இருக்கும் இரண்டு எழுத்தைப் பார்க்கலாம். வி, எச், பி, ஐ, சி, டி, யு, ஆர், ஈ, எஸ் என்ற பத்து எழுத்துகள் முறையே 1 முதல் 9 வரையும் கடைசியில் 0மாக நிற்கும். ‘யுசி’ என்றால் 75, ‘ஆர்பி’ என்றால் 83. மேகசினுக்கும் இதே கணக்குத்தான். பாடியும் மேகசினும் ஒரே ஆண்டு என்பதற்காக அதிகம் கொடுப்பது சேகரிப்பாளரின் மகிழ்ச்சி. படம் எடுப்பவருக்கு அதில் எதுவும் கிடைக்காது.

விற்பவர் ஒப்புக்கொண்டால் திருப்பித் தரும் நிபந்தனையோடு வாங்கி, ஒரே ஒரு ஐஎஸ்ஓ 100 கறுப்பு-வெள்ளை ரோலில் மூன்றையும் சேர்த்துச் சோதித்துவிடலாம். நடுப்பகல் வெயிலில் சுவர் ஒன்றை, கேமராவை முக்காலியில் வைத்து, நான்கு முறை எடுங்கள்: 500இல் ஒரு பங்கில் எஃப்/8, 250இல் எஃப்/11, 125இல் எஃப்/16, 60இல் எஃப்/22. நான்கும் ஒரே எக்ஸ்போஷர். கழுவிய பின் நான்கு நெகட்டிவும் ஏறக்குறைய ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். 500இல் எடுத்தது கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருந்தால் பதற வேண்டாம். இதழ் ஷட்டர் உச்ச வேகத்தில், சிறிய அப்பர்ச்சரில், சொன்னதைவிடச் சற்று அதிகமாகவே வெளிச்சம் விடும். எஃப்/22 மட்டும் மிகக் கறுத்திருந்தால் அப்பர்ச்சர் இதழ்கள் தாமதிக்கின்றன. அடுத்த நான்கை ஜன்னல் வெளிச்சத்தில், மீட்டர் சொல்லும் ஜோடியில் தொடங்கி ஒரு நொடி வரை மெதுவாக்கிக்கொண்டே எடுங்கள். இங்கே ஒரு விஷயம் கவனம்: மெதுவான வேகங்களில் எக்ஸ்போஷர் முடியும்வரை பட்டனிலிருந்து விரலை எடுக்கக்கூடாது. எடுத்தால் பின்கதவுகள் முன்னதாகவே மூடிப் படத்தை வெட்டிவிடும். ஒரு நொடிப் படம் சிறிது வெளிறி இருந்தால் ஃபிலிமின் குணம்தான் அது. ஒன்பதாவதும் பத்தாவதும் ஃபோகஸுக்கு. சாய்த்து விரித்த செய்தித்தாளில் ஒரு வரியைக் குறிவைத்து, எஃப்/2.8இல், ஒரு மீட்டர் தொலைவிலிருந்து எடுங்கள், பிளானர் 0.9 மீட்டர் வரை நெருங்கும். பதினொன்றாவதுக்கு டார்க் ஸ்லைடை உருவிவிட்டு, லென்ஸை மூடி, கேமராவை வெயிலில் எல்லாப் பக்கமும் திருப்பிச் சில நிமிடம் காட்டிய பிறகு மூடிய லென்ஸோடே அழுத்துங்கள். அந்தக் கட்டம் வெறுமையாக வர வேண்டும். கடைசிப் படம் 500இல் ஒரு பங்கில் ஃபிளாஷோடு. கட்டம் முழுவதும் சமமாக ஒளிர்ந்திருந்தால் அந்த இணைப்பும் சரி.

பாடி, லென்ஸ், மேகசின் மூன்றையும் ஒரே கையிலிருந்து முழு செட்டாக வாங்கிவிட்டால் இவ்வளவு அலசல் தேவையா என்பார்கள். முழு செட் வசதியானதுதான், பெரும்பாலும் விலையும் குறையும். ஆனால் ஒருவரிடமே இருந்ததால் மூன்றும் ஒரே அளவு நல்ல நிலையில் இருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. கல்யாண வேலைக்கோ ஸ்டூடியோவுக்கோ ஓடிய மேகசின் லட்சக்கணக்கான முறை சுழன்றிருக்கும். அதே பெட்டியில் இருந்த பாடி இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். பகுதி பகுதியாகப் பிரியும் கேமரா என்பதால் ஒவ்வொரு பகுதிக்கும் வயது தனி. டிஜிட்டல் பேக் மாட்டும் திட்டமுள்ளவர்கள் எழுப்பும் மறுப்பு வேறு: 2019இல் அறிவிக்கப்பட்ட சிஎஃப்வி II 50சி போன்றவை பழைய பாடியில் பொருந்துமே, அப்போது மேகசின் எதற்கு? அவர்களுக்கு என் வரிசை பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சென்சார் 43.8க்கு 32.9 மி.மீ.; சதுரத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, அதை நுணுக்கமாகக் காட்டும். ஃபிலிம் மன்னித்துவிடும் ஃபோகஸ் பிழையை அது மன்னிக்காது. அவர்கள் பாடியின் கண்ணாடிக்கே முதலில் செலவழிக்க வேண்டும். மாமியா ஆர்பி67 மலிவாயிற்றே என்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: எடையைத் தாங்க முடிந்தால் நல்ல தேர்வு, அதிலும் ஷட்டர் லென்ஸில்தான், ஃபிலிம் தனி ஹோல்டரில்தான், இதே வரிசையில் சோதித்து வாங்குங்கள்.

வாங்கிய பிறகு கேமராவைக் கெடுக்கும் வழிகளில் முதன்மையானது லென்ஸைத் தவறான நிலையில் கழற்றுவது. லென்ஸும் பாடியும் முறுக்கிய நிலையில் இருக்கும்போதுதான் பிரிக்கவோ சேர்க்கவோ வேண்டும். லென்ஸின் பின்புறத்தில் திருகாணித் தலைபோன்ற முனையின் பள்ளம் சிவப்புப் புள்ளிக்கு நேரே நின்றால் லென்ஸ் முறுக்கியிருக்கிறது. ஒன்று முறுக்கியும் மற்றது முறுக்காமலும் மாட்டப் போனால் இரண்டும் பூட்டிக்கொண்டு அசையாது. பின்வழியாக நீண்ட ஸ்குரூடிரைவரை விட்டு அந்த முனையைத் திருப்பி விடுவிக்க முடியும். ஆனால் லென்ஸின் கடைசிக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே உலோகம் நுழைகிற வேலை அது, பழகாதவர் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே நல்லது. முறுக்கி வைத்தால் ஸ்பிரிங் தளருமே என்ற பயம் வேண்டாம். கழற்றிய லென்ஸ் எப்போதுமே முறுக்கிய நிலையில்தான் இருக்கும் என்று தெரிந்தே இதை வடிவமைத்திருக்கிறார்கள். பாதி எடுத்த ரோலை வாரக்கணக்கில் உள்ளே விடாதீர்கள். உருளையைச் சுற்றி மடங்கிய இடத்தில் ஃபிலிம் வளைந்துபோய், அடுத்த படம் தட்டையாக நிற்காது. நம் கடலோர ஊர்களின் ஈரத்தில் தோல் பைக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஜெல் நிறம் மாறியதும் வறுத்து உலர்த்தி மறுபடி போடுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வேகத்திலும் சில தடவை ஷட்டரை இயக்குங்கள்.

அடுத்து என்ன வாங்கலாம் என்ற கேள்விக்கும் விடை இந்த வாதத்திலேயே கிடைக்கிறது. இரண்டாவது லென்ஸுக்கு முன் இரண்டாவது ஏ12 வாங்குங்கள். ஒன்றில் ஐஎஸ்ஓ 100, மற்றதில் 400 போட்டு, டார்க் ஸ்லைடைச் செருகி ரோலின் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய பயன் வேறொன்று. ஏதேனும் ரோலில் கீற்றோ, ஓர இருட்டோ வந்தால் அதே பாடியில் மற்ற மேகசினைப் போட்டுப் பார்க்க முடியும். கோளாறு மேகசினோடு போகிறதா, பாடியோடு தங்குகிறதா என்று ஒரே ரோலில் தெரிந்துவிடும். அதற்காக, எடுத்து முடித்த ஒவ்வொரு ரோலையும் நாக்குத் தாளால் ஒட்டியவுடன், அது எந்த மேகசினிலிருந்து வந்ததோ அதன் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை அந்தத் தாளின் மேலேயே எழுதுங்கள். கழுவிய நெகட்டிவை உறையில் போடும்போது அதே எண்ணை உறையிலும் எழுதுங்கள்.